அது வெறும் விளம்பரப் பலகைதானே?

கேள்வி: கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். 'தி கிரேட் கேட்ஸ்பி' எங்களுக்குப் பாடம். கதை ரொம்பப் பிடித்தது. ஆனால் நோட்ஸைத் திறந்தால் பச்சை விளக்கு என்றால் நம்பிக்கை, எக்கில்பர்க் டாக்டரின் கண்கள் என்றால் கடவுள், சாம்பல் மேடு என்றால் ஒழுக்கச் சிதைவு என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டு இதையெல்லாம் யோசித்துத்தான் வைத்தாரா, பின்னால் வந்த பேராசிரியர்கள் ஏற்றிச் சொன்னார்களா? விளக்கு விளக்காகவே இருந்துவிட்டால் என்ன? தேர்வில் நான் எதை எழுதுவது?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கேள்வியில் 'விளக்கு விளக்காகவே இருந்துவிட்டால் என்ன?' என்ற வரியை மிகவும் ரசித்தேன். அதே கேள்வியை அந்த நாவலுக்குள்ளேயே ஒருவர் வேறு வார்த்தைகளில் கேட்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில், இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1963-இல் அமெரிக்காவில் ப்ரூஸ் மெக்காலிஸ்டர் என்ற 16 வயதுப் பள்ளி மாணவருக்கும் இதே கேள்வி எழுந்தது. வகுப்பில் எந்தக் கதையை எடுத்தாலும் குறியீட்டைத் தேடச் சொன்னார்கள். (குறியீடு என்றால், கதைக்குள் தானாகவும் இருந்துகொண்டு, தன்னைத் தாண்டி இன்னொன்றையும் நினைவூட்டும் பொருள் அல்லது நிகழ்ச்சி.) எழுதியவர்களையே கேட்டுவிடுவோம் என்று நான்கு கேள்விகளை அச்சடித்து 150 எழுத்தாளர்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர் பதில் எழுதினார்கள். ரே பிராட்பரி, ஜாக் கெரோவாக், நார்மன் மெய்லர், ஜான் அப்டைக், ரால்ஃப் எலிசன் எல்லாரும் அதில் உண்டு. பதில்கள் ஒன்றுபோல் இல்லை. திட்டமிட்டு வைப்பதே இல்லை என்றவர்கள் இருந்தார்கள். எழுதும்போது தெரியாமல் வந்து சேரும், பிறகுதான் கண்ணில் படும் என்றவர்கள் இருந்தார்கள். குறியீடு கதையின் செயலிலிருந்துதான் எழ வேண்டும் என்ற பொருளில் எலிசன் எழுதியிருந்தார். என் பதிலும் அந்தப் பக்கம்தான் போகப்போகிறது.

ஃபிட்ஸ்ஜெரால்டு 1940-லேயே இறந்துவிட்டார்; அவரை யாரும் கேட்க முடியவில்லை. ஆனால் கையெழுத்துப் பிரதியும் பதிப்பாளரோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் இருக்கின்றன. அதைவிட நல்ல சாட்சியாக நாவலே இருக்கிறது.

பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் நீக்கிவிடுவோம். குறியீடு என்பது ஒரு வாய்ப்பாடு, இடது பக்கம் பொருள், வலது பக்கம் அர்த்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆசிரியர் அர்த்தத்தை ஒளித்து வைக்கிறார், வாசகர் கண்டுபிடிக்கிறார், கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது. நோட்ஸ் போடுகிறவர்களுக்கு இது வசதி. குறியீடுகளை நம்பாதவர்களும் இதே எண்ணத்தில்தான் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 'ஆசிரியர் ஒளித்து வைத்தாரா, இல்லையா?' என்று கேட்கும்போது, ஒளித்து வைத்தால்தான் குறியீடு என்பதை நாமும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். கேட்ஸ்பி நாவலில் நடப்பது அதுவல்ல. அங்கே பொருள்களுக்கு அர்த்தம் ஏற்றுகிறவர்கள் பேராசிரியர்கள் இல்லை, பாத்திரங்கள். ஒவ்வொருவரும் தனக்கு இல்லாத ஒன்றை ஏதோ ஒரு பொருளின் மேல் ஏற்றிவைத்துப் பார்க்கிறார். கதையில் நேரும் சாவுகளுக்கும் அந்தப் பார்வைக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். 1922 கோடை, நியூயார்க் நகரத்தை ஒட்டிய லாங் ஐலண்ட். நிக் கேரவே என்ற இளைஞர் கடன்பத்திர வியாபாரம் பழக வந்து, மாதம் 80 டாலர் வாடகையில் ஒரு சிறு வீட்டில் குடியிருக்கிறார். பக்கத்து மாளிகைக்காரர் ஜே கேட்ஸ்பி. மதுவிலக்குக் காலத்தில் சட்டத்துக்குப் புறம்பாகப் பணம் சேர்த்தவர். வாராவாரம் பெரிய விருந்து வைக்கிறவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ராணுவ அதிகாரியாக இருந்தபோது காதலித்த டெய்ஸி இப்போது பணக்காரர் டாம் புக்கானனின் மனைவி. கடற்குடாவுக்கு எதிர்க்கரையில் வசிக்கிறாள். அவளைத் திரும்பப் பெறத்தான் கேட்ஸ்பியின் மாளிகை, விருந்து எல்லாமே. நிக்தான் கதைசொல்லி, அதாவது நமக்குக் கதையை எடுத்துச் சொல்லும் பாத்திரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இப்போது அந்தப் பச்சை விளக்கு. அது நாவலில் முக்கியமாக மூன்றே இடத்தில் வருகிறது. மூன்றையும் பென்சிலோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

முதல் இடம், முதல் அத்தியாயத்தின் கடைசிப் பத்தி. இரவு. நிக் தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேட்ஸ்பி தன் புல்வெளியில் தனியாக நின்று இருண்ட நீரை நோக்கிக் கைகளை நீட்டுகிறார். உடல் நடுங்குவதுபோல் நிக்குக்குத் தோன்றுகிறது. எதைப் பார்க்கிறார் என்று நிக்கும் திரும்பிப் பார்த்தால், தூரத்தில் சின்னஞ்சிறு பச்சை விளக்கு ஒன்று. படகுத்துறையின் முனையாக இருக்கலாம். அவ்வளவுதான். டெய்ஸியின் பெயர் இல்லை, நம்பிக்கை இல்லை, ஒரு விளக்கமும் இல்லை. யாருடைய துறை என்றுகூட நமக்குத் தெரியாது.

இரண்டாவது இடம் ஐந்தாம் அத்தியாயம். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கேட்ஸ்பியும் டெய்ஸியும் சந்தித்துவிட்டார்கள். அவளுக்குத் தன் மாளிகையைச் சுற்றிக் காட்டுகிறார். ஜன்னலருகே நிற்கும்போது, பனிமூட்டம் மட்டும் இல்லாவிட்டால் உன் வீடு இங்கிருந்தே தெரியும், உன் துறை முனையில் ராத்திரி முழுக்க ஒரு பச்சை விளக்கு எரிகிறதே என்ற பொருளில் சொல்கிறார். நாவல் முழுவதிலும் அந்த விளக்கைப் பற்றிக் கேட்ஸ்பி வாய் திறந்து பேசும் இடம் இது ஒன்றே. அந்தப் பேச்சில் காதலும் இல்லை, கனவும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் சொல்லும் சாதாரண வாக்கியம். அதிலும் பனிமூட்டம் மறைத்திருப்பதால் அந்த நிமிடம் விளக்கு கண்ணுக்குத் தெரியவில்லை.

டெய்ஸி என்ன செய்கிறாள்? அவர் கையோடு தன் கையைக் கோத்துக்கொள்கிறாள். விளக்கைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவளுக்கு அது அவள் வீட்டுத் துறையில் எரியும் ஒரு விளக்கு. நீங்கள் கேட்டீர்களே, விளக்கு விளக்காகவே இருக்கட்டும் என்று, டெய்ஸிக்கு அது கடைசிவரை அப்படித்தான் இருக்கிறது. அவளைப் புரிந்துகொள்ள இந்த மௌனம் எனக்குப் பெரிதும் உதவியது. ஒருவர் தன்னை எவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்து ஐந்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அந்த உயரத்தில் நிற்க அவளால் முடியவில்லை என்று பின்னால் அவள்மேல் பழி போடுகிறோம். அவளைக் கேட்டுக்கொண்டா தூக்கி வைத்தார்கள்?

அடுத்த வாக்கியங்கள்தான் நோட்ஸில் இடம்பெறும் பகுதி. அந்த விளக்குக்கு இருந்த மாபெரும் முக்கியத்துவம் இப்போது என்றென்றைக்குமாகப் போய்விட்டது என்று கேட்ஸ்பிக்குத் தோன்றியிருக்கலாம், இனி அது ஒரு துறையில் எரியும் பச்சை விளக்கு மட்டுமே, அவரை மயக்கிய பொருள்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது என்ற பொருளில் நிக் எழுதுகிறார். 'இருக்கலாம்' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போடுங்கள். இது கேட்ஸ்பியின் வாக்குமூலம் இல்லை, நிக்கின் ஊகம். அந்த ஊகம் வரும் நேரமும் கவனிக்கத்தக்கது. விளக்கு டெய்ஸியின் துறையில் எரிவது என்று நமக்கு உறுதியாகும் அதே பக்கத்தில், அதன் அர்த்தம் தீர்ந்துபோகிறது. பச்சை விளக்கு என்றால் டெய்ஸி என்று வாய்ப்பாட்டில் எழுதப் பேனாவை எடுத்தால், நாவல் அதற்குள் அந்த வரியை அழித்துவிடுகிறது.

மூன்றாவது இடம் நாவலின் கடைசிப் பக்கம். கேட்ஸ்பி இறந்துவிட்டார். நிக் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய இரவு கடற்கரையில் படுத்திருக்கிறார். கரையோரத்துப் பெரிய வீடுகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கின்றன. ஒரு படகின் மங்கலான ஒளியைத் தவிர வெளிச்சமே அநேகமாக இல்லை. அங்கே அவர் நினைத்துப் பார்க்கிறார். முதன்முதலில் இந்தத் தீவைக் கண்ட டச்சு மாலுமிகளின் கண்ணுக்குப் புதிய நிலம் பச்சையாக எழுந்து நின்ற காட்சி, அதைத் தொடர்ந்து கேட்ஸ்பி அந்தப் பச்சை விளக்கை முதலில் அடையாளம் கண்டபோது அடைந்திருக்கக்கூடிய வியப்பு. ஒரு மனிதரின் ஏக்கம் இப்போது ஒரு தேசத்தின் ஏக்கமாகிறது. இதைச் செய்பவரும் நிக்தான். கேட்ஸ்பி உயிரோடு இல்லை. விளக்கை அந்த இரவில் நிக் பார்ப்பதாகவும் எழுதப்படவில்லை.

கூட்டிப் பாருங்கள். மூன்று இடங்களில் முதல் இடத்தில் மட்டும்தான் விளக்கு நம் கண்முன் எரிகிறது. இரண்டாவதில் பனிக்குப் பின்னால் இருக்கிறது, மூன்றாவதில் நினைவில் இருக்கிறது. கண்ணிலிருந்து மறைய மறைய அதன் அர்த்தம் பெருகுகிறது. நோட்ஸ் சொல்லும் 'நம்பிக்கை' தவறில்லை. ஆனால் அது யாருடைய நம்பிக்கை, அதை நமக்குச் சொல்வது யார், எந்தக் கட்டத்தில் என்ற மூன்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் நாவல் கையைவிட்டுப் போய்விடுகிறது.

இனி எக்கில்பர்க்கின் கண்களுக்கு வருவோம். நகரத்துக்கும் செல்வந்தர் ஊருக்கும் நடுவே சாம்பல் பள்ளத்தாக்கு. இது கற்பனை இடமல்ல. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கொரோனா என்ற இடத்தில் நகரத்து நிலக்கரி அடுப்புச் சாம்பலைக் கொட்டிவந்த மேடுகள்தான் அதற்கு மூலம். 1922 முதல் 1924 வரை கிரேட் நெக் ஊரில் குடியிருந்த ஃபிட்ஸ்ஜெரால்டு, நகரத்துக்குப் போகும் வழியில் அதைப் பார்த்தவர். பின்னால் அந்த நிலத்தைச் சீர்திருத்தி 1939-இல் உலகக் கண்காட்சி நடத்தினார்கள். அந்தச் சாம்பலுக்கு மேலே நாவலில் ஒரு விளம்பரப் பலகை நிற்கிறது. முகமே இல்லாமல் இரண்டு ராட்சத நீலக் கண்கள். இல்லாத மூக்கின் மேல் ஒரு மஞ்சள் மூக்குக்கண்ணாடி. யாரோ ஒரு கண் மருத்துவர் குவீன்ஸில் தொழில் பெருகட்டும் என்று வைத்துவிட்டு, செத்துப்போனாரோ ஊர் மாறினாரோ, பலகையை மறந்துவிட்டார். நெடுநாள் வர்ணம் பூசாததால் மங்கிப்போயிருக்கிறது. முதல் அறிமுகத்திலேயே இது தொழில் விளம்பரம் என்று ஃபிட்ஸ்ஜெரால்டு அடித்துச் சொல்லிவிடுகிறார். எதையும் ஒளிக்கவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் வில்சன் கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி மிர்ட்டிலுக்கும் டெய்ஸியின் கணவர் டாமுக்கும் தொடர்பு. ஏழாம் அத்தியாயத்தில் மிர்ட்டில் கார் மோதி இறக்கிறாள். ஓட்டியது டெய்ஸி, கார் கேட்ஸ்பியுடையது. எட்டாம் அத்தியாயத்தில் அந்த ராத்திரி முழுக்க வில்சனோடு துணைக்கு உட்கார்ந்திருப்பவர் மிக்கேலிஸ், பக்கத்தில் காப்பிக் கடை நடத்தும் கிரேக்க இளைஞர். நான் ஆரம்பத்தில் சொன்ன ஆள் இவர்தான்.

மிக்கேலிஸ் ஆறுதலாகப் பேச்சுக் கொடுக்கிறார். நீ எந்தச் சர்ச்சுக்காவது போவதுண்டா, பாதிரியாரை யாரையாவது வரச் சொல்லட்டுமா என்று கேட்கிறார். எந்தச் சர்ச்சிலும் சேரவில்லை என்கிறார் வில்சன். இப்படிப்பட்ட நேரத்துக்காவது ஒரு சர்ச் வேண்டாமா என்கிறார் மிக்கேலிஸ். நோட்ஸ் இந்தச் சிறு உரையாடலைத் தாண்டிப் போய்விடும். எனக்கு அந்த அத்தியாயத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. விடியும் நேரம். வில்சன் எழுந்து பின்பக்க ஜன்னலில் முகத்தைப் பதித்து நிற்கிறார். மனைவியின் நடத்தை தெரிந்ததும் அவளை ஜன்னலருகே கூட்டி வந்து, என்னை ஏமாற்றலாம், கடவுளை ஏமாற்ற முடியாது என்று சொன்னதைச் சொல்கிறார். பின்னால் நின்ற மிக்கேலிஸுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. வில்சன் பார்த்துக்கொண்டிருப்பது எக்கில்பர்க்கின் கண்களை. கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்கிறார் வில்சன். அது விளம்பரம் என்கிறார் மிக்கேலிஸ்.

உங்கள் கேள்வியும் அதுதானே? ஃபிட்ஸ்ஜெரால்டு அந்தக் கேள்வியை முன்கூட்டியே ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டார். மிக்கேலிஸ் சொல்வதுதான் உண்மை, அது விளம்பரம். ஆனால் வில்சனை அந்த உண்மை தொடவில்லை. கோயிலோ பாதிரியாரோ முறையிட ஓரிடமோ இல்லாத மனிதர், ஜன்னலுக்கு வெளியே இருந்த அந்த ராட்சதக் கண்களைப் பிடித்துக்கொள்கிறார். 'கண்கள் என்றால் கடவுள்' என்று எழுதினால் வில்சனின் வெறுமை காணாமல் போகிறது. கடவுள் இல்லாத இடத்தில் ஒரு பலகை கடவுளாக்கப்படுகிறது என்று எழுதினால் நாவல் உள்ளே வருகிறது.

அதற்குப் பிறகு நடப்பதையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும் பார்க்கும் அந்தக் கண்கள், யார் காரை ஓட்டினார்கள் என்று வில்சனுக்குச் சொல்லவில்லை. மனைவியின் காதலர் யார் என்றும் சொல்லவில்லை. மஞ்சள் காரின் சொந்தக்காரர் யார் என்று டாம் சொன்னதை வைத்துக்கொண்டு வில்சன் கேட்ஸ்பியைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொள்கிறார். தவறான ஆள் சாகிறார்.

மிர்ட்டிலின் சாவும் தவறாகப் பார்த்ததால் வந்ததுதான். அன்று மதியம் டாம் நகரத்துக்குப் போகும் வழியில் பெட்ரோல் போட அங்கே நிற்கிறார். அவர் ஓட்டி வந்தது கேட்ஸ்பியின் மஞ்சள் கார். எக்கில்பர்க்கின் கண்களை நிக் மறுபடி கவனிக்கிறார். அடுத்த கணமே, கடையின் மாடி ஜன்னலிலிருந்து இன்னொரு ஜோடிக் கண்கள் பார்ப்பது தெரிகிறது. மிர்ட்டில்! டாமின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜோர்டன் பேக்கரை அவர் மனைவி என்று எண்ணிப் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறாள். ஜோர்டன் டெய்ஸியின் தோழி, கோல்ஃப் ஆட்டக்காரி. சாயங்காலம் அதே மஞ்சள் கார் திரும்பி வரும்போது, டாம்தான் வருகிறார் என்று நடுரோட்டுக்கு ஓடுகிறாள். விளம்பரப் பலகையின் கண்களுக்கு அடுத்து இந்தக் கண்களை வைத்ததை நான் தற்செயல் என்று நம்பமாட்டேன். நாவல் முழுக்கவே பார்ப்பதையும் தவறாகப் பார்ப்பதையும் பற்றிப் பேசுகிறது. உங்கள் பாடத்தில் கருப்பொருள் என்று ஒரு தலைப்பு வருமே (கதை திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கும் அடிப்படை விஷயம்), அதைக் குறியீட்டிலிருந்து தனியே பிரித்துப் படிக்க வேண்டாம். கண்களைப் பின்தொடர்ந்தாலே அது கிடைத்துவிடும்.

சரியாகப் பார்க்கும் ஒருவர் இருக்கிறாரா? இருக்கிறார், பெயர்கூட இல்லாத ஆள். மூன்றாம் அத்தியாயத்தின் விருந்தில், ஆந்தைக் கண்போலப் பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் கேட்ஸ்பியின் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். அலமாரியில் இருப்பவை அட்டையில் செய்த போலிப் புத்தகங்கள் என்று நினைத்து, ஒன்றை எடுத்துப் பார்த்திருக்கிறார். உண்மையான புத்தகம்! ஆனால் தாள்கள் வெட்டப்படவில்லை. அந்தக் காலத்தில் பெரிய தாளை மடித்துத் தைத்து விற்பார்கள். படிக்கிறவர்தான் ஓரத்தைக் கத்தியால் வெட்டிப் பிரிக்க வேண்டும். வெட்டவில்லை என்றால் படிக்கவில்லை என்று பொருள். கேட்ஸ்பியின் குணம் முழுவதும் இந்த ஒரு விவரத்தில் இருக்கிறது: போலி இல்லை, ஆனால் உள்ளே போகவும் இல்லை. அந்தக் கண்ணாடிக்காரர் எதையும் எதன் மேலும் ஏற்றவில்லை. கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார், அவ்வளவே. கேட்ஸ்பியின் சவ அடக்கத்துக்கு வரும் மிகச் சிலரில் அவரும் ஒருவர்.

இனி உங்கள் கேள்வியின் முதல் பாதி: யோசித்துத்தான் வைத்தாரா? அச்சில் வருமுன் நடந்த சில விஷயங்கள் நமக்குத் தெரியும். ஃபிரான்சிஸ் கூகாட் என்ற ஓவியர், நாவல் முடிவதற்கு முன்பே அட்டைப்படத்தை வரைந்துகொண்டிருந்தார். கருநீல வானத்தில் முகமில்லாமல் மிதக்கும் ஒரு பெண்ணின் கண்களும் உதடும், கீழே நகரத்து வெளிச்சம். 1924 ஆகஸ்டில் பிரான்சிலிருந்த ஃபிட்ஸ்ஜெரால்டு, ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்தில் தன் பதிப்பாசிரியரான மாக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு, அந்த அட்டையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அதை நாவலுக்குள் எழுதிவிட்டேன் என்ற பொருளில் கடிதம் எழுதினார். எக்கில்பர்க்கின் கண்களைத்தான் சொன்னாரா, டெய்ஸியைப் பற்றிய ஒரு வாக்கியத்தைச் சொன்னாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும், வெளியிலிருந்து வந்த ஒரு படம் எழுத்துக்குள் புகுந்ததை அவரே ஒப்புக்கொள்கிறார். அது ஒளித்து வைத்த வேலையாக எனக்குப் படவில்லை. கண்ணில் பட்டதைக் கதை தனக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது.

அதே ஆண்டு நவம்பரில் முழுப் பிரதியையும் படித்துவிட்டு பெர்கின்ஸ் எழுதிய பதிலில், எக்கில்பர்க்கின் கண்களில் வெவ்வேறு வாசகர்கள் வெவ்வேறு அர்த்தம் காண்பார்கள் என்று குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார். முதல் தொழில்முறை வாசகரே அர்த்தத்தைப் பூட்டவில்லை. கேட்ஸ்பி பாத்திரம் மங்கலாக இருக்கிறது என்ற குறையையும் அவர் சொன்னார். ஃபிட்ஸ்ஜெரால்டு ரோமில் உட்கார்ந்து அச்சுப்படிகளிலேயே பெருமளவு திருத்தினார். புத்தகம் 1925 ஏப்ரல் 10 அன்று வந்தது.

இன்னொரு திருத்தம் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் கையெழுத்துப் பிரதியில், டச்சு மாலுமிகளும் பச்சை நிலமும் வரும் பகுதி முதல் அத்தியாயத்தின் முடிவில்தான் இருந்தது. பிறகு அதை அங்கிருந்து எடுத்து நாவலின் கடைசிக்குக் கொண்டுபோனார். இது என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆரம்பத்திலேயே தேசம், கனவு என்று விளக்கிவிட்டிருந்தால், பச்சை விளக்கைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நாமும் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்போம். விளக்கத்தைக் கடைசிக்குத் தள்ளியதால், எட்டு அத்தியாயம் முழுக்க அது வெறும் விளக்காக இருக்கும் உரிமையைப் பெற்றது. ஆக, யோசித்தாரா என்றால் யோசித்தார். எந்த அர்த்தத்தை வைப்பது என்பதைவிட, எவ்வளவு தாமதமாகச் சொல்வது என்பதில்தான் அவர் உழைப்பு தெரிகிறது.

'ஆசிரியர் நினைத்தது என்ன' என்பதே கடைசித் தீர்ப்பாக வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை. 1946-இல் விம்சாட், பியர்ட்ஸ்லி என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் இதற்கு நோக்கப் பிழை என்று பெயர் வைத்தார்கள். படைப்பின் பொருளைப் படைப்பில் தேடாமல் படைத்தவரின் எண்ணத்தில் தேடும் பிழை என்பது அதன் அர்த்தம். நான் அந்தக் கொள்கையை முழுதாக ஏற்பவன் அல்ல. மேலே சொன்ன கடிதங்கள் எனக்கு மிகவும் உதவின. ஆனால் கடிதமே இல்லாமல் போயிருந்தாலும், வில்சனுக்குச் சர்ச் இல்லை என்பது பக்கத்திலேயே இருக்கிறது. பேராசிரியர் ஏற்றிச் சொல்கிறாரா, நாவலிலிருந்து எடுத்துச் சொல்கிறாரா என்று பிரித்தறிய அதுவே வழி. எந்தப் பக்கம், யார் பார்க்கிறார், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பதில் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

தேர்வு விஷயம். இரண்டு மதிப்பெண் கேள்வி என்றால் 'நம்பிக்கை' என்று எழுதிவிட்டு நகருங்கள், அதில் வீம்பு வேண்டாம். கட்டுரைக் கேள்வி வந்தால் அந்த ஒரு சொல்லோடு தொடங்காதீர்கள். மூன்று இடங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் விளக்கைப் பார்ப்பவர் யார், அர்த்தம் சொல்பவர் யார் என்று காட்டுங்கள். நிக்கின் 'இருக்கலாம்' என்பதைக் குறிப்பிடுங்கள். எந்த ஆசிரியரும் மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டார்.

நேரம் கிடைத்தால் நிறங்களிலும் இதைச் செய்து பாருங்கள். நோட்ஸில் மஞ்சள் என்றால் பணம் என்று இருக்கும். நாவலில் எக்கில்பர்க்கின் மூக்குக்கண்ணாடி மஞ்சள், விருந்தில் வரும் இரண்டு பெண்களின் உடுப்பு மஞ்சள், மிர்ட்டிலைக் கொன்ற கார் மஞ்சள். அந்தக் காரை நான்காம் அத்தியாயத்தில் நிக் முதலில் பார்க்கும்போது க்ரீம் நிறம் என்கிறார். விபத்தை நேரில் பார்த்த மிக்கேலிஸோ, முதலில் வந்த போலீஸ்காரரிடம் வெளிர்பச்சை என்று சொல்லிவிடுகிறார். ஒரே கார், மூன்று நிறம். ஏன் அப்படி என்று யோசித்து எழுதுங்கள், ஆவலோடு படிப்பேன்.